கட்டி ஆறிவிட்டது, கிருமி போய்விட்டதா?

‘வைத்தியர் பதில்கள்’ பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றுள் ஐந்து ஒரே கிருமியைச் சுற்றியவையாக இருந்தன. ஆகவே முழங்கால் நோவைப் பற்றியும் தூக்கமின்மையைப் பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: வைத்தியர் ஐயா, எனது கணவருக்கு வயது 58. தோட்டம் செய்பவர். பன்னிரண்டு வருடமாகச் சலரோகம் உண்டு. வைகாசி மாதம் அவருடைய தொடையில் ஒரு கட்டி வந்தது. வழக்கம்போலப் பத்துப் போட்டோம். பழுத்ததும் நானே ஊசியால் குத்திச் சீழைப் பிதுக்கினேன். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை இருந்து திரும்பியிருக்கிறார். துண்டில் ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்று எழுதியிருக்கிறார்கள். சிறிய புண் ஒன்று இன்னும் ஆறவில்லை. மாமியார் அவருடைய கோப்பையையும் பேணியையும் பிரித்து வைத்து, கட்டிலை விறாந்தையில் போட்டுவிட்டார். உறவினர்கள் படலையோடு நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். எங்களோடு இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். அவளைத் தூக்க முடியாமல் அவர் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் காணச் சகிக்கவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நான் ஊசியால் குத்தியதுதான் இதற்கெல்லாம் காரணமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: அம்மா, முதலில் அவருடைய கட்டிலை விறாந்தையிலிருந்து உள்ளே எடுத்துப் போடுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது புதிதாக வந்த ஒரு நோயின் பெயரன்று. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பழங்கிருமியின் ஒரு வகைக்கே அந்தப் பெயர். 1880களில் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் இருந்த அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், நோயாளிகளின் சீழை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது உருண்டை உருண்டையான கிருமிகள் கூட்டமாகத் தெரிந்தன. நம்மூர்த் தோட்டங்களில் பந்தலில் தொங்குகின்ற முந்திரிகைக் (திராட்சைக்) குலையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அதே தோற்றம். அதனாலேயே கிரேக்க மொழியில் முந்திரிகைக் குலையைக் குறிக்கும் சொல்லை முன்னே வைத்து அதற்குப் பெயரிட்டார். இந்தக் கிருமி எங்கோ அசுத்தமான இடத்தில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். பத்துப் பேரை நிறுத்தி மூக்குத் துவாரத்தைச் சோதித்தால், ஏறத்தாழ மூன்று பேரின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் அது குடியிருக்கும். உங்கள் படலையோடு நின்றுவிட்டுத் திரும்பும் உறவினரிலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இவற்றுள் ஒரு வகை, நமது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கும் குளொக்சசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்குவதில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெதிசிலின் 1959இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1961இலேயே அதற்கு மசியாத கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அந்த ‘மசியாத’ தன்மைதான் உங்கள் துண்டில் உள்ள எழுத்துக்களின் பொருள். மருந்தே இல்லை என்பது அதன் பொருளன்று. வன்கோமைசின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் கணவர் ஐந்து கிழமை படுத்திருந்தது அவற்றில் ஒன்றை நாளத்தினூடாக ஏற்றுவதற்காகவே இருந்திருக்கும்.

இது பரவும் வழி மிகச் சாதாரணமானது. சீழ் பட்ட கை, அந்தக் கை தொட்ட துவாய், அந்தத் துவாயால் துடைத்த இன்னொருவரின் தோல், அந்தத் தோலில் ஒரு கீறல்: பெரும்பாலும் இவ்வளவுதான். காச நோயைப்போல இருமலில் காற்றில் மிதந்து வந்து பிடிப்பதன்று. ஒரே அறையில் படுப்பதாலோ, ஒரே பானையில் சமைத்த சோற்றை உண்பதாலோ வருவதுமன்று. ஆகவே கோப்பையையும் பேணியையும் பிரிக்க வேண்டியதில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். பிரிக்க வேண்டியவை வேறு: துவாய், சவரக் கத்தி, சாறம், நகவெட்டி, குளிக்கும் சவர்க்காரக் கட்டி. கிணற்றடியில் ஒரே சவர்க்காரக் கட்டியும் கொடியில் ஒரே ஈரத் துவாயும் வீட்டார் எல்லோருக்கும் என்பது நம்மிடையே பலருடைய வழக்கம். மாமியார் கோப்பையில் காட்டிய கண்டிப்பைக் கொஞ்சம் அந்தக் கொடியின் பக்கம் திருப்பினால் நல்லது.

புண்ணுக்கு மருந்து கட்டும் நேரமே வீட்டில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம். தொடங்குமுன் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். விரலிடுக்கு, பெருவிரலைச் சுற்றிய பகுதி, நக நுனி ஆகிய மூன்றும்தான் எப்போதும் தப்பிப்போகும் இடங்கள். அவற்றையும் சேர்த்து இருபது விநாடிக்குக் குறையாமல் தேய்க்க வேண்டும். பழைய கட்டை அவிழ்த்ததும் அதை மேசையிலோ கட்டிலின் ஓரத்திலோ வைக்காமல், முன்கூட்டியே வாய் திறந்து வைத்த பொலித்தீன் பைக்குள் நேராகப் போட்டு முடிந்துவிடுங்கள். கையுறை அணிந்திருந்தால் அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடியும் கை கழுவிய பின்னரே புதிய கட்டைத் தொட வேண்டும். கையுறை அணிந்தவர் கை கழுவத் தேவையில்லை என்ற எண்ணம், வைத்தியசாலைகளிலேகூட நான் பலமுறை கண்ட பிழை. புதிய கட்டு புண்ணை முழுவதும் மூடி, ஓரங்களில் ஈரம் கசியாமல் இருக்க வேண்டும். கசிந்தால் நேரம் பாராமல் மாற்றுங்கள். படுக்கை விரிப்பையும் சாறத்தையும் சுடுநீரில் சவர்க்காரத் தூளோடு தோய்த்து, நன்றாகக் காயும் வரை வெயிலில் போடுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு நாம் நன்றி சொல்லும் சந்தர்ப்பங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இவ்வளவும் நடந்தால் அவர் பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம். கட்டு மூடியிருக்க வேண்டும், கை கழுவியிருக்க வேண்டும், அதற்குமேல் நிபந்தனை இல்லை. பேத்தியின் உடம்பில் சிரங்கோ கீறலோ இருந்தால் அது ஆறும் வரை அந்த இடத்தையும் மூடி வையுங்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். குத்தியிருக்கக் கூடாது. பிதுக்கும்போது சீழ் வெளியே வருவதோடு, ஒரு பகுதி உள்ளேயும் இரத்தத்துக்குள்ளும் தள்ளப்படலாம். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைப் பிதுக்குவது இன்னும் ஆபத்து, ஏனெனில் அந்த இடத்து நாளங்கள் மூளையை நோக்கிய பாதையில் உள்ளவை. வைத்தியர் முறைப்படி கீறிச் சீழை வெளியேற்றுவதே கட்டிக்கான முதற் சிகிச்சை. சிறிய கட்டிகள் சிலவற்றுக்கு அதற்குமேல் மருந்துகூட வேண்டியிருக்காது. ஆனால் கிருமி மருந்துக்கு மசியாததாக இருந்ததற்கும் உங்கள் ஊசிக்கும் தொடர்பில்லை. கட்டுப்பாடில்லாத சீனி வெண்குருதிக் கலங்களின் கையைக் கட்டிப்போடும்; அதற்கு உங்கள் ஊசியைவிடப் பெரிய பங்கு இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் சலரோகக்காரரின் பிடரியில் வரும் பல கண் கட்டிக்கு ‘இராசபிளவை’ என்று பெயரிட்டு அஞ்சியவர்கள் இந்தத் தொடர்பை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

மறுபடியும் நடுக்கத்தோடு காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், மூச்சிரைப்பு, மனத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல், புதிதாக வந்த கடுமையான முதுகு நோவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றே கொண்டு செல்லுங்கள். துண்டை மறக்காமல் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்; அந்த நான்கு எழுத்துக்கள் மருந்தைத் தெரிவு செய்யும் வைத்தியருக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

கேள்வி: ஐயா, நான்கு மாதமாக உங்கள் பகுதி வரவில்லை. தாங்களும் இதே கிருமியால் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? உண்மையென்றால் அதைப் பற்றி எழுதலாமே.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உரும்பிராய்

பதில்: உண்மைதான், மாஸ்டர். எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சென்ற மாரியில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே அவசியமில்லை. இடது புறங்கையில் சேலைன் ஏற்றும் குழாய் குத்தியிருந்தார்கள். நான்காம் நாளே அந்த இடம் சிவந்து, தொட்டால் நோகும் நிலையில் இருந்தது. வேறொருவரின் கையில் அதைக் கண்டிருந்தால் அந்தக் கணமே கழற்றச் சொல்லியிருப்பேன். முப்பது வருடம் விடுதிகளில் அதைச் சொல்லித் திரிந்தவன் நான். என் கையில் வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த தாதிப் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு கட்டில் ஆடும்படி நடுங்கினேன். ஒரு கிழமை கழித்து முதுகு நோவு தொடங்கியது. குருதி வளர்ப்புப் பரிசோதனையில் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், ஸ்கான் படத்தில் முள்ளந்தண்டு என்பில் தொற்று. இதய வால்வு தப்பியிருந்தது. அதற்கென எடுத்த எக்கோவின் முடிவு வரும் வரை நான் வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

என்னுடையது எம்.ஆர்.எஸ்.ஏ. அன்று, குளொக்சசிலினுக்கு நன்றாகவே அடங்கும் சாதாரண வகை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த நான்கு எழுத்து இல்லையென்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தத்துக்குள் இறங்கிவிட்டால் இரண்டுமே கொல்லக்கூடியவை. ஐந்து பேரில் ஒருவர் என்ற அளவிலேனும் இறக்கும் தொற்று அது.

மருந்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஆறு கிழமை. கணக்குப் பார்த்தால் 252 தடவைகள். குளொக்சசிலின் நாளத்தை எரிக்கும் மருந்து. ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை வேறிடத்தில் குத்த வேண்டியிருந்தது. நாலாம் கிழமையில் இரு கைகளிலும் இடம் தேடித் தாதிகள் களைத்துப்போனார்கள். இரவு இரண்டு மணி மருந்துக்கு வரும் பிள்ளையின் செருப்பொலி கேட்டதும் நானாகவே கையை நீட்டப் பழகிவிட்டேன். பகலில் பார்க்க வருபவர்கள் அன்போடு நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அதே விரலால் குழாய்ப் பிளாஸ்டரைத் தடவி ‘நோகுதோ?’ என்று கேட்பார்கள். முதலில் பேசாதிருந்தேன். பிறகு தலைமாட்டில் கை தேய்க்கும் அற்ககோல் போத்தலை வைத்து, ‘முதலில் இது, பிறகு திருநீறு’ என்று சொல்லத் தொடங்கினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. இதைச் சொல்ல நான் ஏன் முப்பது வருடம் தயங்கினேன் என்பதுதான் விளங்கவில்லை.

கையைப் பற்றிய இந்தத் தயக்கம் மருத்துவ உலகில் பழையது. வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவ விடுதிக்குள் நுழையும் வைத்தியர்கள் குளோரின் நீரில் கை கழுவ வேண்டுமென்று 1847இல் கட்டாயப்படுத்தியதும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் சக வைத்தியர்களில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மானிப்பாயில் இருந்துகொண்டு, நம்மவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அந்த வழியில் வந்த நாம், ‘கை கழுவினீர்களா?’ என்று தமிழில் கேட்க மட்டும் இன்னும் கூச்சப்படுகிறோம்.

வீடு திரும்பிய பின் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சந்தித்தேன். நானும் என் நோயாளிகளுக்குச் சொன்னதில்லை. கிருமி போன பிறகும் களைப்புப் போவதில்லை. கிணற்றடி வரை நடந்தால் உட்கார வேண்டும். உடம்பு கொஞ்சம் சுட்டாலே வெப்பமானியைத் தேடுவேன். நள்ளிரவில் முதுகைத் திருப்பும்போது சிறிது நொந்தாலும் எழுந்து உட்காருவேன். இது கோழைத்தனமன்று, கடும் தொற்றிலிருந்து மீண்ட பலருக்கும் நேர்வது. மாதக்கணக்கில் நீடிக்கலாம். வீட்டார் ‘எல்லாம் சரிதானே, எழும்பி நடவுங்கோ’ என்று விரட்டாதிருப்பது பெரிய உதவி.

என் பெருவிரல் நகங்களில் குறுக்காக ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தது. கடும் நோயின்போது நகத்தின் வளர்ச்சி சில நாள் தடைப்படுவதால் ஏற்படும் கோடு அது. மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இதை எழுதும்போது பாதியைத் தாண்டிவிட்டது.

கேள்வி: கரப்பந்தாட்டம் ஆடும் என் மகனுக்கு 17 வயது. ஒரு வருடத்தில் ஐந்து முறை கட்டி வந்துவிட்டது. சீனி சோதித்தோம், இல்லை. மாம்பழச் சூடு என்றும் இரத்தம் கெட்டுவிட்டது என்றும் சொல்கிறார்கள். கறுத்தக்கொழும்பானை நிறுத்திவிட்டோம். பயனில்லை.
– தாயார், நெல்லியடி

பதில்: பிள்ளைக்கு மாம்பழத்தைக் கொடுங்கள். மாம்பழக் காலமும் வியர்வைக் காலமும் ஒன்றாக வருவதால் பழி பழத்தின்மேல் விழுந்துவிட்டது. வியர்வையில் ஊறிய சட்டை அக்குளிலும் தொடையிலும் உராய்ந்து மயிர்க்கால்கள் புண்படும்போது, மூக்கில் குடியிருக்கும் கிருமி விரல் வழியே அங்கே போய்ச் சேரும். ஒரு கட்டி ஆறினாலும் மூக்கில் உள்ள குடியிருப்பு அப்படியே இருப்பதால் அடுத்தது வருகிறது. இரத்தம் கெட்டதும் இல்லை, சூடும் இல்லை.

இப்போதுள்ள கட்டி ஆறிய பின், வைத்தியரின் ஆலோசனையோடு ஒரு முறையைச் செய்து பார்க்கலாம்: முப்பிறோசின் களிம்பை இரு மூக்குத் துவாரங்களிலும் நாளுக்கு இருமுறை ஐந்து நாள் பூசுவதும், அதே ஐந்து நாளும் குளோர்ஹெக்சிடீன் கழுவுதிரவத்தால் குளிப்பதும். வீட்டில் வேறு எவருக்கும் கட்டி வந்திருந்தால் அவர்களும் அதே நாட்களில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மூக்கிலிருந்து மற்றவருக்குத் திரும்ப வந்துவிடும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாவற்றையும் அந்தக் கிழமையில் தோய்த்து மாற்றுங்கள். இத்தனை செய்தும் சிலருக்கு மாதங்கள் கழித்துக் கிருமி திரும்புவதுண்டு. அப்படியானால் மறுபடியும் ஆலோசனை பெற வேண்டும். மகனிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்: கழகத்தில் ஒரே துவாயைக் கைமாற்றுகிறார்களா, வியர்த்த சீருடையை இரவல் வாங்குகிறார்களா, சலூனில் அலகு மாற்றுகிறார்களா என்று. சீழுள்ள கட்டி இருக்கும்போது, அதை முற்றாக மூட முடியாவிட்டால், ஆட்டத்துக்குப் போக வேண்டாம்.

கேள்வி: போன முறை தந்த குளிசையில் நாலு மிச்சம் இருக்கிறது. இப்போது அண்ணனுக்குக் கட்டி வந்திருக்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கூடாது. அந்த நாலும் ஏன் மிச்சமாயின என்பதும் எனக்குக் கவலை. அண்ணன் வயலில் வேலை செய்பவரானால் இன்னொரு விடயம் உண்டு: சேற்றிலும் மண்ணிலும் வாழும் வேறொரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் இலங்கையில் இருக்கிறது. அதுவும் சலரோகக்காரரை விரும்பித் தாக்கும், அதுவும் சீழ்க்கட்டியாகவே தோன்றும், ஆனால் அதற்கான மருந்துகள் முற்றிலும் வேறு. சீழைச் சோதனைக்கு அனுப்பாமல் பாமசியில் கேட்டு வாங்கும் குளிசை இரண்டையும் குணப்படுத்தாமல், சோதனை முடிவை மட்டும் குழப்பிவிடும்.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு நான் வருடாவருடம் மரக்கறி வெட்டிக் கொடுப்பேன். இம்முறை சுட்டுவிரலில் சீழ் பிடித்திருக்கிறது. எல்லாம் கொதிக்கத்தானே போகிறது, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வெட்டினால் என்ன?
– அடியவர், காரைநகர்

பதில்: கொதி கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் உணவு வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கையில் இந்தக் கிருமி அதிலே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. உண்டு ஒரு சில மணித்தியாலத்துக்குள் பந்தியில் இருந்தவர்கள் வரிசையாக வாந்தியெடுப்பார்கள். விடியற்காலையில் வெட்டி, பதினொரு மணிக்குச் சமைத்து, பூசை முடிந்து இரண்டு மணிக்குப் பரிமாறும் அன்னதானம் அதற்கு மிகவும் வசதியான இடம். வெட்டும்போது நனைந்த பிளாஸ்டர் எந்த நேரத்தில் கழன்று எந்தக் கடகத்துக்குள் விழுந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

விரல் முற்றாக ஆறும் வரை வெட்டவும் வேண்டாம், பரிமாறவும் வேண்டாம், இலை துடைக்கவும் வேண்டாம். தொண்டு செய்யாமல் இருக்க மனம் கேட்காவிட்டால், இவ்வருடம் வாசலில் இருந்து அடியவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.